மலையில் ஒரு பச்சைத் திட்டு

2022 அக்டோபர் 5, நெவாடா. பல வருடம் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து மான் வேட்டை அனுமதி பெற்ற வெண்டல், ஒஹையோவிலிருந்து மலையடிவாரம் வந்து சேர்ந்தான்.

முகாமுக்கான தண்ணீரை வீட்டில் இருந்தபடியே செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடித்திருந்தான். காய்ந்த மலையில், எந்தக் கோடையிலும் வாடாத ஒரு பச்சைத் திட்டு. ஊற்றுதான். அந்த மலையடிவாரத்து மாட்டுப் பண்ணைக்காரர் ஆர்லோவிடம் போனிலும் விசாரித்திருந்தான்.

"அங்க ஊத்தா? போய்ப் பாக்குறேன் தம்பி" என்றிருந்தார் அவர்.

இப்போது அந்த இடத்தில் புழுதி பறந்தது. ஆர்லோ ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பே தம்பி! மண்ணுக்கடியில போற என் குழாய் எங்க ஒழுகுதுன்னு நாலு வருஷமா தேடுனேன். நீ கேட்டதும் போய்த் தோண்டி அடைச்சுட்டேன்."

"அப்ப இங்க தண்ணி குடிச்ச மானெல்லாம்?"

"என் வீட்டுத் தொட்டியிலதான் குடிக்குது. சுடத்தான் என் சம்சாரம் விடமாட்டா. ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கா."

வெண்டல் வண்டியிலிருந்து கூடாரத்தை இறக்கவில்லை.