சுவருக்கு அந்தப் பக்கம்

“கண்ணுக்கு இமை இருக்கு. காதுக்கு ஏம்மா கதவு இல்ல?” என்று ஆறு வயது ஷாமினி ஒருமுறை கேட்டாள்.

“சாமி வேணும்னுதான் தொறந்து வச்சிருக்கு,” என்றாள் தினேஸ்வரி.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, சிம்பாங் பூலாய் வீட்டில் அவள் பகலில்தான் தூங்குவாள்.

“கல்லு லோரி போனா வீடே ஆடுது, நீ அசைய மாட்டேங்கிற. செவுத்துக்கு அந்தப் பக்கம் சின்னதா இருமினா மட்டும் எழுந்து ஓடுற. என்ன காதுலா அது?” என்று சிரித்தான் கணவன் கனகராஜ்.

“சிரிக்காதீங்க. ஒருநாள் கேக்காம தூங்கிட்டா, சளி அடைச்சு மூச்சே நின்னுரும். அதான் பயம்.”

அவன் வேலைக்குக் கிளம்பினான். அவள் சுவரை ஒட்டிப் படுத்தாள். லோரிகள் கனவுக்குள் மேகங்களாக உருண்டன. மழைகூட வந்து போனது. பிறகு, தூரத்தில் ரப்பர்க்கொட்டை வெடித்ததுபோல் ஓர் இருமல்.

சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

ஷாமினி இப்போது காம்பாரில் பல்கலைக்கழக மாணவி. இருமியது, பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெட்ரீசியா அக்கா. அவருடைய மகன் வேலைக்குப் போயிருந்தான்.

சின்ன வயதில் ஷாமினிக்கு இழுப்பு நோய்; இரவில் தினேஸ்வரி தொழிற்சாலையில் இருப்பாள். அயர்ந்து தூங்கிய கனகராஜுக்குக் கேட்காத இருமல், சுவருக்கு அப்பால் அக்காவுக்குத்தான் கேட்கும். ஒவ்வொரு முறையும் ஓடிவந்து கதவைத் தட்டுவார்.

இப்போது தினேஸ்வரி அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, முதுகை நீவினாள். மூச்சு சீரானது. அக்கா கண் திறக்கவேயில்லை.

கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் சுவரோரம் படுத்தாள்.