பூஜை போட்ட ஜீப்

“ஸ்பேனரைக் கீழ வையிடி! நீ தொடக்கூடாதுங்கிறேன்ல!”

மாமியார் செல்வராணி போட்ட கூச்சலில் முந்திரித் தோப்பே அதிர்ந்தது. இலக்கியா அசரவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கியிருந்த ஸ்பேனர்களில் ரெண்டை உருவிக்கொண்டு நேராக ஜீப்பிடம் போனாள்.

“சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன் அத்தை. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, வேணாமா?”

போயே ஆக வேண்டும். பிரசவ வலி நாள் கிழமை பார்த்தா வரும்? ஆம்புலன்ஸ் வேறொரு கேஸோடு தஞ்சாவூர் போயிருந்தது. கந்தர்வக்கோட்டையில் பட்டறை எல்லாம் பூட்டு. தோப்புக்கு நடுவே ஒற்றை வீடு, கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கமும் கிடையாது. ஜீப்போ சாவியைத் திருகினால் ரெண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துபோனது.

எல்லாம் இலக்கியாவின் புருஷன் சந்தோஷ் செய்த வேலை. பூஜைக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று நேற்று ஜீப்பைக் கழுவியவன், டீசல் டேங்க் மூடியைப் போட மறந்துவிட்டான், மகராசன்!

“வண்டியக் குளிப்பாட்டச் சொன்னா அது வயித்துக்குள்ளயும் தண்ணிய ஊத்தி வச்சிருக்கீங்க!” இலக்கியா பல்லைக் கடித்தாள். “அடியில படுத்து டேங்க் போல்ட்டக் கழட்டுங்க. தண்ணி கீழதான் நிக்கும். அது போயி வெறும் டீசல் வந்ததும் முறுக்கிடுங்க.”

சந்தோஷ் ஜீப்புக்கு அடியில் ஊர்ந்தான். பெண்டாட்டி ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்; அந்தப் படிப்பு இன்றைக்குத்தான் உதவியது.

“அண்ணி, இன்னும் எவ்வளவு நேரம்? எனக்குப் பயமா இருக்கு!” பிறந்த வீட்டுக்கு வந்திருந்த சந்தோஷின் தங்கை கார்த்திகா உள்ளேயிருந்து அழுதேவிட்டாள்.

“இந்தா ஆச்சு! மூச்ச நல்லா இழுத்து விடு!”

இலக்கியா பில்டரில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்தாள். மேலே இருந்த சின்ன ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, சந்தோஷைக் கைப்பம்பை அமுக்கச் சொன்னாள். டீசல் குழாயில் அடைத்திருந்த காற்று நுரைநுரையாக வெளியேறியது. நடுவில் ஒருமுறை கண்ணை மூடி அப்படியே நின்றாள். “மாரியாத்தா!” என்று செல்வராணி கைகூப்பினாள். குமிழி அடங்கி டீசல் சுத்தமாக வந்ததும் இலக்கியா ஸ்குரூவை முறுக்கினாள்.

“இப்பத் திருகுங்க சாவிய!”

ஒரு இருமல். இன்னொரு இருமல். அப்புறம் குபுகுபுவென்று புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது பாருங்கள், சந்தோஷ் ஹாரனை அமுக்கிக் கொண்டாடிவிட்டான்! செல்வராணிக்கு வாயெல்லாம் பல். “எம் மருமகள்னா சும்மாவா!”

கார்த்திகா பெரிய பையைத் தூக்கிக்கொண்டு படியில் துள்ளி இறங்கி ஓடிவந்து, பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

இலக்கியா டீசல் கையைத் துடைத்துவிட்டு, நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி ஏறி உட்கார்ந்தாள்.

“ம், எடுங்க வண்டிய! இதுக்கு மேல என்னால வலி தாங்க முடியாது.”