சும்மா என்று எழுதிய பெட்டி

புது வீட்டுக் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். நடுவில் அவள் மலங்க மலங்க விழிக்கிறாள். சாமான்களை இறக்கி முடித்த லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. லாரி வாடகை உட்பட கையிலிருந்த மொத்தப் பணத்தையும் யார் கண்ணிலும் படக்கூடாதென்று பழைய துணிகளுக்கடியில் வைத்து, பெட்டிமேல் "சும்மா" என்று எழுதியவள் அவளேதான். அதைப் பார்த்த சின்ன மகள் எல்லாப் பெட்டியிலும் "சும்மா" என்று எழுதி வைத்திருக்கிறாள். அம்மாவின் எழுத்தும் கோழிக்கிறுக்கல்தான், வித்தியாசம் தெரியவில்லை. "அம்மா எழுதினது எதுடி?" "எல்லாத்துலயும் உன்ன மாதிரியே எழுதியிருக்கேன்ல!" மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. பிரித்த பெட்டியிலிருந்து கரண்டிகள் கலகலவென்று ஜன்னல் வெயிலில் கொட்டுகின்றன. சத்தம் கேட்டு டிரைவர் எட்டிப் பார்க்கிறார். "என்னக்கா தேடுறீங்க?" புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி அவள் சிரிக்கப் பார்க்கிறாள். "ஒண்ணுமில்லப்பா... சும்மா."