நான்கு மூலைச் சந்தனம்

மூங்கில் தடுப்பு எங்கள் புதுக் காரின் முன்னால் இறங்கியது.

"காயிதத்தக் கொண்டாங்க" என்றார் செக்போஸ்ட் அதிகாரி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

அப்பா இறங்கி ஓடினார். தாள்கள் என் மடியில் இருந்தன. கொல்லத்தில் கார் வாங்கியதிலிருந்து, கீழே வைக்கக் கூடாது என்று அவற்றை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். நானும் தாள்களோடு இறங்கி, அவர் பின்னால் செக்போஸ்ட் அறைக்குள் போனேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. செங்கோட்டை நம் மாகாணத்துக்கு வந்த பிறகு புளியரையில் போட்ட செக்போஸ்ட் அது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். தடுப்பைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் இலஞ்சி.

இலஞ்சியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நாளைக் காலை எட்டு மணிக்குள் இந்தக் கார் நிற்க வேண்டும். நின்றால் ஒன்பது மணிக்கு எனக்கு நிச்சயதாம்பூலம்.

ஆனியில் அதுதான் கடைசி முகூர்த்தம். ஆடியில் எதுவும் நடக்காது. ஆவணி வரை காத்திருக்க முடியாது, சிவகிரியில் ஒரு வீட்டில் காரும் பெண்ணும் தயார் என்று மாப்பிள்ளையின் தாயார் சங்கரம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கார் என்ன நிறம் என்று. அப்பாவிடம்.

அதிகாரி தற்காலிகப் பதிவுத் தாளைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். இரண்டும் சரி. இன்சூரன்ஸ் தாளுக்கு வந்ததும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது என்னவே, காயிதத்துக்குப் பொட்டு வச்சுக் கூட்டிட்டு வாரீரு? கல்யாணம் இதுக்கா?"

காரை ஓட்டிவந்த ஆதம் அண்ணன் காருக்குள் இருந்தபடியே சிரித்தார். அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஆரியங்காவு கோயில்ல வச்சுக் கும்பிட்டுட்டு வாரோம்யா. சாமி சந்தனம்லா அது."

உண்மைதான். கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். இலைத்துண்டில் கிடைத்த சந்தனத்தைத் தொட்டு, கல்யாணக் கடிதத்துக்கு மஞ்சள் தடவுவது போல, அப்பா தாள்களுக்கு வைத்தார். மீதியை இலையோடு என்னிடம் கொடுத்தார்.

"சாமி சரிவே. தேதிய எங்க?"

இன்சூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று பேனாவால் எழுதியிருந்த இடத்தில் சந்தனம் அப்பியிருந்தது. ஈரத்தில் நீல மை கரைந்து பரவியிருந்தது.

"என்னைக்குலேருந்துன்னு தெரியாம புது வண்டிய எப்படி உள்ள விட? வழியில எவன் மேலயாவது ஏத்திட்டா யாரு பதில் சொல்லுதது?"

அப்பா தன் பெருவிரலைப் பார்த்தார். "தடிச்ச வெரல்யா எனக்கு. தெரியாம அப்பிட்டேன். இன்னைக்குத்தான்யா எழுதிக் குடுத்தான். கல்யாணத்துக்குக் குடுக்குத வண்டியா அது."

நான் வலது கையைத் தாவணிக்குள் வைத்திருந்தேன்.

அதிகாரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தாள் கிழியும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். எழுந்து ஜன்னலருகே போனார். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

கொல்லத்துக் குமாஸ்தா அழுத்தி எழுதுகிறவர். எழுத்து பின்பக்கம் புடைத்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அதிகாரியின் உதடுகள் அசைந்தன. பதினாலு. ஏழு.

இன்றைய தேதி.

அவர் வெளியே பார்த்துத் தலையை ஆட்டினார். காவலர் தடுப்பின் கயிற்றில் கை வைத்தார்.

அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி நின்றார். கும்பிட்ட கையில் தாளைத் திணிக்க முடியாமல் அதிகாரி அதை என் பக்கம் நீட்டினார்.

"இந்தா பிள்ள, பிடி."

நான் இடது கையை நீட்டினேன்.

அவர் தாளைப் பின்னுக்கு இழுத்தார். "எந்தக் கையால வாங்குத?"

வலது கையை வெளியே எடுத்தேன்.

சுட்டுவிரலில் சந்தனம் காய்ந்திருந்தது. நுனியில் நீலம் ஏறியிருந்தது.

அவர் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாளின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனையை அவர் விடவில்லை.

"யாருக்குவே கல்யாணம்?"

"இவளுக்குத்தான்யா" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

அதிகாரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இந்த முறை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை.

"தேதி தெரியல. கொல்லத்துக்குப் போயி வேற எழுதி வாங்கிட்டு வாங்க. இதோட வண்டி உள்ள வராது."

காவலர் கயிற்றை விட்டார்.

"ஐயா, இப்பம் போனா அங்கன ஆபீசப் பூட்டிருவான்யா! நாளைக்குக் காலைல..." அப்பாவின் குரல் உடைந்தது. கெஞ்சினார். காலைத் தொடக் குனிந்தார். ஆதம் அண்ணன் ஓடிவந்து தூக்கிவிட்டார். நிமிர்ந்ததும் அப்பா அவரைச் சபித்தார். "ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுத்திட்டீரே, நீரு நல்லா இருப்பீரா?"

அதிகாரி எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

ஆதம் அண்ணன் காரை மலைப்பக்கம் திருப்பத் தொடங்கினார். அப்பா சாரலில் நனைந்தபடி அதன் பின்னால் போனார்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பானையில தண்ணி இருக்கு பிள்ள. கையக் கழுவிட்டுப் போ."

கழுவினேன். சந்தனம் போய்விட்டது. நீலம் லேசில் போகவில்லை.

அப்பா நான்கு மூலைகளில்தான் சந்தனம் வைத்தார். தேதி தாளின் நடுவில் இருந்தது.