ஐடில் ஸ்குரூ

சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன், இதில் ஓர் எழுத்து பொய்யில்லை. நான் விட்ட மற்ற சரடுகளோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள்.

பைக் ரேஸில் கொடி அசைந்தது. எல்லா வண்டிகளும் சீறிப் பாய்ந்தன. அன்புராஜின் வண்டி மட்டும் அதற்கு முன்பே பொசுக்கென்று அணைந்து, நின்ற இடத்திலேயே நின்றது.

அன்புராஜ் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். நேராக மெக்கானிக் தானியேலிடம் வந்தான். கூட்டம் பார்க்கப் பார்க்க, பளாரென்று ஓர் அறை.

"இன்னாய்யா பண்ணி வெச்சுகினு கீற? எவன்கிட்ட டப்பு வாங்குன?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த தானியேலின் மனைவி சாராளுக்குக் கன்னம் எரிந்தது.

வண்டி முதலாளி ஆதிகேசவன் இன்ஜினைக் குனிந்து பார்த்தார். கும்மிடிப்பூண்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி வைத்திருப்பவர். அன்புராஜ், தானியேல் இருவருக்கும் அவரிடம்தான் வேலை.

"ரேஸ் வண்டிக்கு ஐடிலிங் ஏத்தி வெக்கணும், அப்பத்தான் கியர் இறக்கும்போது பின் சக்கரம் புடிச்சு உதறாதுன்னு எனக்கே பாடம் எடுப்பியே. இன்னிக்கு இன்னாடா, ஸ்குரூவை அடியோட இறக்கி, முறுக்கு உட்டாலே அணையுற மாதிரி வெச்சிருக்க? கை தவறிடுச்சா?"

தானியேல் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டான்.

அங்கேதான் பேஜாரு. கத்துக்குட்டியாக இருந்தால் நாலு திட்டோடு விட்டிருப்பார்கள். தானியேலோ இன்ஜின் சத்தத்தைக் கேட்டே ஐடிலிங், அதாவது கை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், எவ்வளவென்று சொல்கிற ஆள். அவன் கை தவறாது. தவறினால், எதிராளி எவனிடமோ காசுக்குக் கை நீட்டியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

"நாளையிலேர்ந்து கம்பெனி பக்கம் வராதே."

"சரிங்க மொதலாளி."

வீடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் சாராள் வெடித்தாள்.

"வாங்கினியா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப ஏன் மரமாட்டம் நின்ன? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு எந்த மூஞ்சிய வெச்சுகினு போவேன்?"

வாசலில் நிழல் ஆடியது. அன்புராஜ்.

சாராள் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "அடிச்சது பத்தலன்னு ஊட்டுக்கே வந்துட்டியா?"

அவன் தானியேலின் காலடியில் அப்படியே உட்கார்ந்தான். அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, இன்னும் நிக்கலண்ணே. போன ரேஸ்ல என்கூட ஓட்டுன ரகு வளைவுல கியர் இறக்குனான். சக்கரம் புடிச்சு, என் கண்ணெதிர தூக்கி அடிச்சுது. அவனைப் பொதைச்சதுலேர்ந்து வளைவைப் பார்த்தாலே கை உதறுது. பயம்னு சொன்னா மொதலாளி வேலையை விட்டே தொரத்திடுவாரு. எனக்குப் பேனர் வெச்ச ஊரு சிரிக்கும். நீ மட்டும் ஸ்குரூவை இறக்கலன்னா இன்னிக்கு நானும்..."



"அடுத்த ரேஸுக்குள்ள வேற வேலை தேடிக்கோடா" என்றான், வேலை போன தானியேல்.

சாராளின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"சரி, உனுக்கு உசுரு பிச்சை குடுத்தவரைக் கூட்டத்துல கைநீட்டி அடிச்சியே, அது இன்னாடா நியாயம்?"

அன்புராஜ் தானியேலைப் பார்த்தான்.

வீங்கிய கன்னத்தைத் தடவியபடி தானியேல் சொன்னான்: "நான்தான் சொன்னேன். ஓங்கி அடிடா, மெதுவா அடிச்சா எவனும் நம்பமாட்டான்னு."

அந்தப் பக்கத்தில் தானியேல் இன்னும் டப்பு வாங்கினவன்தான். அந்தப் பழியை அவனே சுமந்துகொண்டு திரிகிறான். நாம் கெடுப்பானேன்? நான் சொன்னதாக மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள்.