அமீபா இல்லாத நகரம்

நகரத் தண்ணீரில் அமீபாவே இல்லை என்று மேயர் விழா எடுத்து அறிவித்தார். மாநகராட்சி ஆஸ்பத்திரியின் நோயறி இயந்திரமும் அதை ஒப்புக்கொண்டது. குழாய்த் தண்ணீரில் கான்டாக்ட் லென்ஸ் கழுவிய தையல்நாயகியின் கண்ணுக்கு மூன்றாம் முறையும் "தூசி" என்றது.

டெக்னீஷியன் ரெஜினா நுண்ணோக்கியில் பார்த்தாள். கருவிழியில் சுரண்டி எடுத்ததில் அமீபா ஊர்ந்தது. ஆனால் இயந்திரம் நோயின் பெயரைச் சொன்னால்தான் மருந்துப் பெட்டி திறக்கும்.

"இன்னிக்கே மருந்து விடலன்னா பார்வை போயிடும்க்கா. வெளியூர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"கண்ணு எரியுது, இப்பப் போய் சம்பந்தம் பேசுறியேம்மா!"

"அட்ரஸ் சொல்லுங்கக்கா!"

நோயாளியின் விலாசமாக வெளியூர் நாத்தனார் வீட்டைப் பதிந்ததும் "அமீபா" என்றது இயந்திரம். பெட்டி திறந்தது. சொட்டு மருந்தோடு ஒரு சீட்டும் வந்தது: "வெளியூர் அன்பரே, குணமாகும்வரை எங்கள் நகரின் தூய நீரிலேயே கண் கழுவவும்."

"என்னம்மா போட்டிருக்கு?"

ரெஜினா சீட்டைக் கிழித்தாள். "தண்ணியே படக்கூடாதாம்க்கா."