வாத்தின் உச்சரிப்பு

வடக்கே எங்கிருந்தோ பறந்து வந்து ஏரியில் இறங்கிய வாத்து ஒன்று, இந்த ஊர்க் காகங்களின் பேச்சைக் கற்றே தீருவது என்று முடிவு கட்டியது.

"எங்க பேச்சுல முக்கியமானது ஒரே சொல்தான், 'கா'," என்றது கரையிலிருந்த காகம். "நீட்டிச் சொன்னா, சாப்பிட வான்னு அர்த்தம். வெடுக்குன்னு சொன்னா, ஆபத்து, ஓடிப்போன்னு அர்த்தம். உனக்கெல்லாம் இது வராது, விட்டுடு."

வாத்து விடவில்லை. தினமும் கரையில் நின்று கத்திப் பார்த்தது. வந்ததெல்லாம் "க்வா"தான். காகம் தன் கூட்டத்தையே கூட்டி வந்து சிரித்தது. சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, வாத்து மறுபடி ஆரம்பித்தது.

ஒரு நாள் காகம் ஒரு மீன் தலையைக் கொத்திக்கொண்டிருந்தபோது, அதன் பின்னால் புல்லுக்குள் பூனை ஒன்று பதுங்கி வந்தது. வாத்து பார்த்துவிட்டது.

"க்வா! க்வா!" என்று வெடுக்கென்று கத்தியது.

காகம் மீனைப் போட்டுவிட்டுக் கருவேல மரத்துக்குப் பறந்தது. பிறகு இறகைக் கோதிக்கொண்டே சொன்னது: "உச்சரிப்பு இன்னும் தேறலை."

"அப்படியா? கீழே வந்து திருத்து," என்றது வாத்து.

பூனை மீன் தலையைத் தின்று முடித்துவிட்டு, மரத்தடியிலேயே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது.